மருந்தும் வேண்டுதலும்: மன அமைதிக்காக ஆன்மிகத்தை நாடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு, கடுமையான மனநோய் கொண்டவர்களைக் குடும்பத்தார் அழைத்து வந்து சில வாரங்கள் தங்கவைப்பது வழக்கம். அப்படி வந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. கோயிலில் மருந்து எதுவும் தரப்படவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்கள் தங்கிய பின், நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சராசரியாக 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்திருந்தது. ஆன்மிகத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் ஆய்வுகள் நம் மண்ணில் மிகச் சில. அதனாலேயே அதைத் தவறாகப் படிப்பதும் எளிதாக நடக்கிறது.

முதல் தவறு, இந்த முன்னேற்றத்தைக் 'குணம்' என்று எடுத்துக்கொள்வது. 42.9 என்பது இன்னும் நோயோடிருப்பவரின் மதிப்பெண்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அந்த ஆய்வில் இல்லை. அங்கே நடந்ததும் பெரிய சடங்கன்று: காலையில் சிறு வழிபாடு, பிறகு இடத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள், உடன் தங்கியிருக்கும் உறவினர் ஒருவர், யாரும் ஏளனமாகப் பார்க்காத சூழல். நோயாளியை அச்சுறுத்தாமல் அரவணைக்கும் இந்தச் சூழலே பயன் தந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

அந்த ஆய்வு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அங்குள்ள தர்காவின் அருளை நாடித்தான் அவர்களுடைய குடும்பங்கள் அந்த ஊருக்கு வந்திருந்தன. இரண்டு ஊர்களிலும் நம்பிக்கை ஒன்றுதான். நோயாளி நடத்தப்பட்ட விதம்தான் வேறு. கட்டிப்போடுவதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் எந்தத் தெய்வத்தின் பெயரால் செய்யப்பட்டாலும் சிகிச்சை ஆகா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

அடுத்த தவறு காலதாமதம். காதில் குரல் கேட்கிறது என்றோ, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்றோ ஒரு இளைஞன் சொல்லத் தொடங்கினால், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கவும் மந்திரிக்கவும் ஊர் ஊராகச் சுற்றி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மனச்சிதைவு போன்ற நோய்களில் சிகிச்சை தொடங்காத காலம் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்குப் பின்னாளில் மீள்வது கடினமாகிறது. கயிறு கட்டிக்கொள்வதைத் தடுக்க வேண்டியதில்லை; கயிறு கட்டிய அதே வாரத்தில் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது.

மருத்துவரிடம் சென்று மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் செய்யும் தவறுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனெனில் அதை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். மாலை போட்டிருக்கும் நாட்களில் மாத்திரை சாப்பிடக் கூடாது என்றோ, விரதம் முடிந்ததும் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம் என்றோ எண்ணித் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை வரலாம். மனச்சிதைவுக்கான மருந்தை நிறுத்தினால் நோயே திரும்பலாம். இருதுருவ மனநோய்க்கு, அதாவது அளவுமீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு, லித்தியம் என்னும் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு விரதமே ஆபத்தாகும் வாய்ப்பும் உண்டு. லித்தியம் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் பொருள். உடலில் நீரோ உப்போ குறையும்போது சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் தேக்கி வைத்துக்கொள்வதால், இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் எல்லை வரை ஏறிவிடக்கூடும். ஆகவே உப்பில்லா விரதம், தண்ணீரும் அருந்தாத நோன்பு ஆகிய இரண்டையும் இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கண்விழிப்பும் அப்படித்தான். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் இரவு முழுவதும் விழித்திருப்பது மற்றவர்களுக்கு மறுநாள் அலுப்போடு போய்விடும். இருதுருவ மனநோய் உள்ளவருக்கோ ஒரே இரவுத் தூக்கமிழப்பு கட்டுக்கடங்காத எழுச்சி நிலையைத் தூண்டிவிடக்கூடும். இவற்றைச் சொன்னால் மருத்துவர் கோபிப்பார் என்று அஞ்சி மறைப்பவர்கள் பலர். நேர்ச்சையை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றவோ, மாத்திரையின் நேரத்தை நோன்புக்கேற்ப நகர்த்தவோ பல வேளைகளில் வழி இருக்கும்.

ஆன்மிகம் மனத்துக்கு என்ன செய்கிறது என்பதையும் மிகைப்படுத்தாமல் அறிந்திருக்க வேண்டும். 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை உள்ளடக்கிய 147 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சமயப் பற்று கூடும்போது மனச்சோர்வின் அறிகுறிகள் சற்றே குறைகின்றன என்று அது கண்டது. அந்தத் தொடர்பு சிறியது, ஆயினும் வாழ்க்கையில் அடிபட்டிருக்கும் நேரத்தில் அது வலுவாகிறது. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு, ஜெபமாலை சொல்லும்போதும் 'ஓம் மணி பத்மே ஹூம்' ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைவதையும், அதனால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயல் வலுப்படுவதையும் காட்டியது. மொழியும் மதமும் வேறாக இருந்தும் மூச்சின் தாளம் ஒன்றாக அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதற்கு மாறான முடிவுகளையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சைக்கு உள்ளான 1,802 பேரை வைத்து நடந்து, 2006இல் வெளியான ஆய்வில், பிறர் செய்த ஜெபத்தால் நோயாளிகளுக்குப் பயன் தென்படவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன, தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்று உறுதியாகத் தெரியாதிருந்த மற்ற இரு குழுக்களில் அது 51, 52 விழுக்காடாகவே இருந்தது. பிரார்த்தனை பொய்யென்று இதற்குப் பொருளில்லை. அதை மாத்திரையைப் போல அளந்து கொடுக்க முடியாது என்பதே பொருள்.

நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு தவறு, நோயைக் குற்றமாக்குவது. "முன்வினைப் பயன்", "உன் ஜெபத்தில் விசுவாசம் போதவில்லை", "சாமி குத்தம்" என்று ஏற்கெனவே தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்கிறோம். உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் இதை ஆழமாக ஆராய்ந்தவர். நோயுற்ற முதியவர்கள் 596 பேரை அவரும் உடனிருந்தோரும் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று மருகியவர்களுக்கு இரண்டாண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 28 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நம்பிக்கை ஆறுதலாக இருக்கும்போது நன்மை செய்கிறது; அதே நம்பிக்கை தண்டனையாகத் தோன்றும்போது நோயைக் கூட்டுகிறது. மனச்சோர்வில் இருப்பவரிடம் பரிகாரப் பட்டியலை நீட்டுமுன் இதை ஒரு கணம் நினைத்துப்பார்க்க வேண்டுகிறேன்.

தியானம் எல்லோருக்கும் எப்போதும் ஏற்றது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. 47 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டில், தியானப் பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைப்பது தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தியானத்தின்போது பதற்றம், சோர்வு போன்ற பாதகமான அனுபவங்கள் நேர்வதையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மனச்சிதைவோ பெரும் அதிர்ச்சியின் வடுவோ உள்ளவர்கள், நாள் முழுவதும் பேசாமல் அமர்ந்திருக்கும் பத்து நாள் முகாமோடு தொடங்காமல், தினம் பத்து நிமிடம், அறிந்தவர் ஒருவரின் துணையோடு தொடங்குவது பாதுகாப்பானது.

தற்கொலை எண்ணம் எழும்போது பாராயணத்தை மட்டும் நம்பித் தனிமையில் இருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், இரவிலும் பேச ஆள் உண்டு, தமிழிலேயே பேசலாம். மனத்துக்கு நெருக்கமான பூசாரி, போதகர், ஆலிம் யாராயினும் அவரையும் கூப்பிடலாம். இன்று ஏர்வாடி தர்காவில் மருந்தையும் துவா என்னும் பிரார்த்தனையையும் இணைத்து, அரசின் மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வழிபட வருவோரைப் பார்க்கிறார்கள். துவா முடித்து வெளியே வரும் குடும்பம் அங்கேயே மாத்திரையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப முடிகிறது.