ஒரே கடி, இரண்டு காரணம்: வீட்டில் நடத்தை ஆதரவைத் தொடங்குவது எப்படி

பின்னேரம் நாலரைக்கு எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைக்குள், பாட்டுப் போட்டுப் பாண் விற்றுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்கும். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் தம்பி வாசல் கதவில் போய் மோதுவான். பிறகு வலது மணிக்கட்டைக் கடிப்பான். அவனுக்கு 17 வயது, ஆட்டிசம் இருக்கிறது, வாயில் வரும் சொல் ஏழெட்டுத்தான். "பிள்ளைக்குப் பசி" என்று அம்மா பணிஸ் கொடுப்பா. சில நாள் அடங்குவான், சில நாள் பணிஸ் சுவரில் போய் விழும். அது பசி இல்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சீ.ஆர். கொப்பியும் இரண்டு கிழமையும் போதுமாக இருந்தன. அந்தக் கொப்பியை வாங்கத்தான் ஆறு வருடம் எடுத்தது.

இப்போது அதே கொப்பி முறையைப் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவரோ சிகிச்சையாளரோ இல்லை, ஒரு அக்கா. மெல்போர்னில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவுப் பணியில் இருக்கும் என் மச்சாள்தான் இதை முதலில் ஃபோனில் சொல்லித் தந்தா. பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட் என்பார்கள், தமிழில் நேர்மறை நடத்தை ஆதரவு: தண்டிக்காமல், ஒரு நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பெற வேறு வழி கற்றுக்கொடுப்பது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவான முறை. அந்தக் காலத்தில் இப்படியான பிள்ளைகளை அடக்கச் சில இடங்களில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள், வாயில் எலுமிச்சைச் சாறு விட்டார்கள். அதைச் சகிக்க முடியாத பெற்றோரும் ஆய்வாளர்களும் வேறு வழி தேடியதில் பிறந்தது இது.

தொடங்குமுன்: உடம்பைப் பாருங்கள்

பேச முடியாத பிள்ளைக்குப் பல்வலி வந்தால் அது "குழப்படி" மாதிரித்தான் வெளியே தெரியும். பல், காது, மலச்சிக்கல், வயிற்றெரிவு, நித்திரையின்மை, பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் நாட்கள், புதிதாகத் தொடங்கிய மருந்து: இவற்றை முதலில் மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். திடீரென்று தொடங்கிய நடத்தை என்றால் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு முன் தம்பி மூன்று கிழமையாகக் காதில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். வேறொரு மருத்துவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். உள்ளே சீழ்.

படி 1: ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுங்கள்

"அடம்", "கோபம்", "சொல்வழி கேட்கிறதில்லை" எல்லாம் எங்கள் மனதில் உள்ள பெயர்கள். இரண்டு பேர் பார்த்தால் ஒரே மாதிரி எண்ணக்கூடியதாக எழுத வேண்டும். நாங்கள் எழுதியது: "பல் தடம் தெரியும் அளவுக்கு வலது மணிக்கட்டைக் கடிப்பது." அம்மம்மாவும் எண்ணலாம், நானும் எண்ணலாம். வேறு நாலைந்து தொல்லைகள் இருந்தன, அவற்றை அப்படியே விட்டோம். ஆளுக்கு ஆபத்தானதை முதலில் எடுங்கள். தாளைக் கிழிப்பது, கையை ஆட்டுவது போன்றவற்றால் யாருக்கு நட்டம்? உண்மையைச் சொன்னால் விருந்தினர் முன்னால் எங்களுக்கு வரும் வெட்கம்தான் பல வீடுகளில் பட்டியலின் தலைப்பில் நிற்கிறது. கை ஆட்டுவது அவன் உரிமை, ஆட்டட்டும்.

படி 2: கொப்பி

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, ஆனால் ஆட்கள் கைவிடுவதும் இங்கேதான். பக்கத்தில் நான்கு நிரல் போடுங்கள்: நேரம், முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் நாங்கள் என்ன செய்தோம். இரண்டு கிழமைக்கு எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். எங்கள் கொப்பியிலிருந்து மூன்று பதிவுகள்:

செவ்வாய், 4.35. முன்: சூன் பாண் பாட்டு, கதவு பூட்டியிருக்கிறது. செய்தது: கதவில் இரண்டு தரம் மோதினான், கடித்தான். பின்: அம்மா பணிஸ் கொடுத்தா, எறிந்தான். 4.50க்கு நான் லிஃப்டில் கீழே கூட்டிக்கொண்டு போனேன், நின்றது.

புதன், காலை 7.10. முன்: அப்பா முகம் வழிக்க ரேசரை எடுத்தார். செய்தது: கடித்தான். பின்: "சரி விடு, நாளைக்குப் பாப்பம்" என்று அப்பா ரேசரை வைத்துவிட்டார்.

வியாழன், பின்னேரம். ஒன்றும் இல்லை. அப்பா 4.15க்கே வந்து மரைன் டிரைவ் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை. நடந்து பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள், இரவு யோசித்து எழுதினால் நினைவு எங்களுக்குச் சாதகமாகத் திருத்திவிடும். காரணத்தை எழுதாதீர்கள்: "வேணுமெண்டு செய்தான்" என்பது கண்ணால் பார்த்தது இல்லை. மழையா, கரண்ட் இல்லையா, யார் வீட்டில் இருந்தார், இரவு நித்திரை கொண்டாரா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். கடைசி நிரலில் பொய் எழுதாதீர்கள். நான் ஒருநாள் கத்தினேன், "கத்தினேன்" என்றே எழுதினேன். மிக முக்கியமாக, ஒன்றும் நடக்காத நாளையும் எழுதுங்கள். எங்களுக்கு விடை காட்டியது அந்த வியாழக்கிழமைதான்.

படி 3: இதனால் அவருக்கு என்ன கிடைக்கிறது?

இரண்டு கிழமையில் 21 பதிவு. 12 பின்னேரம், 6 காலை முகம் வழிக்கும் நேரம், 3 எதிலும் சேரவில்லை. பொதுவாக ஒரு நடத்தையால் நான்கில் ஒன்று கிடைக்கும் என்பார்கள்: விரும்பும் பொருள் அல்லது செயல், பிடிக்காததிலிருந்து தப்புதல், ஆட்களின் கவனம், உடம்புக்கே கிடைக்கும் ஒரு உணர்வு. நடு நிரல்களை மறைத்துவிட்டு, முதல் நிரலையும் கடைசி நிரலையும் மட்டும் வாசித்துக்கொண்டு போங்கள். எங்கள் பின்னேரப் பதிவுகள் எல்லாம் "கீழே போனோம்" என்றுதான் முடிந்தன. காலைப் பதிவுகள் "விட்டுவிட்டோம்" என்று முடிந்தன. சூன் பாண் பாட்டு அவனுக்கு வெளியே உலகம் நடக்கிறது என்ற மணி, பாணில் அக்கறையே இல்லை. அதே மணிக்கட்டு, அதே பல், பின்னேரம் "போவம்" என்கிறது, காலையில் "வேண்டாம்" என்கிறது.

இதனால்தான் "கடிக்கிற பிள்ளைக்கு என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பின்னேரக் கடிக்குப் பொருந்தும் திட்டம் காலைக் கடியை மோசமாக்கும்.

இது ஊகம்தான், சரிபார்க்க வேண்டும். நாங்கள் நாலு நாள் பாட்டு வருமுன் 4.15க்கு வெளியே கூட்டிப் போனோம். அந்த நாலு பின்னேரமும் கடி இல்லை. சோதிக்கிறோம் என்று வேண்டுமென்றே ஆளைக் கிளப்பிவிடாதீர்கள்.

படி 4: "முன்னால்" நிரலை மாற்றுங்கள்

பின்னேரத்துக்கு மூன்று படம்: தேத்தண்ணி, சப்பாத்து, லிஃப்ட். எங்கள் வீட்டுக் கோப்பை, அவனுடைய சப்பாத்து, எங்கள் மாடி லிஃப்ட் எல்லாவற்றையும் ஃபோனில் எடுத்து அச்சடித்து வரிசையாகக் கதவில் ஒட்டினோம். முடிந்த படத்தை அவனே கழற்றுவான். மழை நாளுக்கு நாலாவது படம் குடை. மேலிருந்து கீழ் மாடிவரை போய் வந்தாலும் அவனுக்கு அது "வெளியே" தான்.

முகம் வழிப்பதற்கு ரேசரைக் கைவிட்டு ட்ரிம்மர் வாங்கினோம். சத்தம் பழகுவதற்காக ஒரு கிழமை அவன் கையில் வெறுமனே கொடுத்தோம். காலை அவசரத்திலிருந்து பின்னேரக் குளிப்புக்குப் பிறகு மாற்றினோம். பத்துவரை எண்ணுவது, நிறுத்துவது. இன்று இடது கன்னம், நாளை வலது. ஒரு பக்கம் தாடியோடு கலியாண வீட்டுக்குப் போனான், ஒன்றும் ஆகவில்லை.

தீபாவளிக்கும் சித்திரைக்கும் வெடி வெடிக்கும், ஒழுங்கையில் யாராவது துளையிடுவார்கள், கரண்ட் போகும். தெரிந்த நாட்களுக்கு முன்கூட்டியே படம் வையுங்கள், காதை மூடும் ஹெட்ஃபோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

படி 5: அதே வேலையைச் செய்யும் வேறு வழி ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்

1985இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இருவர், தொல்லை தரும் நடத்தையால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதையே வாயால் கேட்டு வாங்கப் பழக்கினால் அந்த நடத்தை குறைகிறது என்று காட்டினார்கள். நாங்கள் செய்தது அதன் குசினி வடிவம். தம்பிக்கு இரண்டு கார்டு: லிஃப்ட் படம் உள்ளது "போவம்", விரித்த கை உள்ளது "போதும்".

பழக்கும் முறை இப்படி. 4.15க்கு, அவன் அமைதியாக இருக்கும்போது, அம்மா கதவடியில் நிற்பா. நான் அவன் பின்னால் நின்று அவன் கையால் கார்டை எடுத்து அம்மாவிடம் கொடுக்க உதவுவேன். கார்டு கைமாறிய கணமே அம்மா "போவமா? வா" என்று கதவைத் திறப்பா. பேச்சில்லை, "நல்லாக் கேள்" இல்லை. நாளடைவில் என் கையை முழங்கைக்கு நகர்த்தினேன், பிறகு தோளுக்கு, பிறகு எடுத்துவிட்டேன். ஒன்பதாவது நாள் அவனாகக் கொண்டுவந்து கொடுத்தான், இரவு ஒன்பதரைக்கு. நைட்டியோடு அம்மா கீழே போனா. போகத்தான் வேண்டும்: ஆரம்பத்தில் கார்டு ஒவ்வொரு தரமும் வேலை செய்ய வேண்டும், கடிப்பதைவிட வேகமாகவும் சுலபமாகவும் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவன் பழைய வழிக்கே போவான், நானென்றாலும் அப்படித்தான் செய்வேன். "பிறகு" என்ற காத்திருப்புக் கார்டு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. முதலில் பத்து விநாடி.

கொழும்புக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், ஒழுங்கையிலும் பஸ்ஸிலும் சிங்களம், சிகிச்சையாளர் ஆங்கிலம். ஒரு பிள்ளை எத்தனை சொல்லைத் தாங்கும்? படம் மொழியைக் கேட்காது. கார்டின் பின்பக்கம் மூன்று மொழியிலும் எழுதுங்கள். எங்கள் மாடிக் காவலாளி தமிழ் தெரியாதவர், இப்போது கார்டைப் பார்த்ததும் "யமு, மல்லி" (போவம், தம்பி) என்று லிஃப்ட் பொத்தானை அமத்துகிறார்.

படி 6: "பின்னால்" நிரல்

கார்டு கொடுத்தால் உடனே பலன். கடித்தால், கையைக் காப்பாற்றுங்கள், சத்தம் போடாதீர்கள், கார்டைக் காட்டுங்கள், அவர் தொட்டாலே போதும், போங்கள். பழைய வழி பலிக்காமல் போகும்போது சில நாள் நடத்தை கூடும், அதற்குப் பயந்து நடுவில் விட்டுக்கொடுத்தால் பலமாகக் கடித்தால்தான் பலிக்கும் என்று அவருக்குப் பாடம் எடுத்ததாகிவிடும். தலையைச் சுவரில் மோதுவது போன்ற ஆபத்து இருந்தால் இந்தப் படியை வீட்டில் தனியே செய்யாதீர்கள், பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும்.

உச்சத்தில் இருக்கும்போது எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. சொல்லைக் குறையுங்கள், இடம் விடுங்கள், உடையும் பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வையுங்கள். கட்டிவைப்பது, அறைக்குள் பூட்டுவது, குப்புற அமத்திப் பிடிப்பது வேண்டாம், மூச்சுத் திணறி உயிர் போன சம்பவங்கள் உலகில் உண்டு. மச்சாள் இருக்கும் அவுஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தல், மருந்தால் அடக்குதல், கருவிகளால் கட்டுதல், உடலால் பிடித்தல், இடங்களையும் பொருட்களையும் பூட்டித் தடுத்தல் ஆகிய ஐந்தையும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளில் 2018 விதிகள் கட்டுப்படுத்துகின்றன, செய்தால் அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் வாசல் பூட்டும் அதில் ஐந்தாவது வகை என்று அவ சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மருந்து எடுப்பவர் என்றால் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், கொப்பியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 7: வீட்டில் எல்லோரும்

"ரெண்டு அடி போட்டாச் சரிவரும் பிள்ளை, உங்களையெல்லாம் அப்பிடித்தானே வளர்த்தது" என்றா அம்மம்மா. நான் வாதாடவில்லை. "அம்மம்மா, நீங்கள் நாலரைக்கு அந்தக் கார்டைக் கவனிச்சால் போதும், கொப்பியில ஒரு கோடு போடுங்கோ" என்று பேனையைக் கொடுத்தேன். மூன்றாவது கிழமை கோடுகள் குறைவதை அவவே எண்ணிச் சொன்னா. ஒருவர் கார்டை மதித்து இன்னொருவர் பணிஸ் கொடுத்தால் திட்டம் நடக்காது. ஒரே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

உதவி தேவைப்படும்போது: சிறு பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே மருத்துவமனையில் கேட்கலாம், ராகமையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஆயதி நிலையம் இருக்கிறது. பராமரிப்பவருக்கே தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும், பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடந்தால் 1929 இலக்கத்துக்கும் ஃபோன் எடுங்கள். பள்ளி சேர்க்க மறுத்தால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், கல்வியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது.

கார்டுகளைக் கட்டாயம் லேமினேட் பண்ணுங்கள், தேத்தண்ணி ஊற்றும். ஒரே தடவையில் ஐந்து பிரதி அடித்து வையுங்கள். எங்கள் மூன்றாவது "போவம்" லிஃப்ட் குழிக்குள் கிடக்கிறது, காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.