குழந்தைக்கு முதல் காய்ச்சல் வரும் முன்பே

புது நாட்டில் வந்து இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைகிறோம். குழந்தைக்கு டாக்டர் பார்ப்பதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். தள்ளாதீர்கள். பல நாடுகளில் நினைத்த உடனே குழந்தை மருத்துவரிடம் போய்விட முடியாது. முதலில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியப் போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

எங்கள் மகளுக்கு முதல் காய்ச்சல் வந்தது நள்ளிரவில். எவ்வளவு என்று போனில் நர்ஸ் கேட்டார். "நூற்றி இரண்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை, அங்கே எல்லாம் செல்சியஸ். மடியில் குழந்தை அனலாகக் கொதிக்க, அந்த நேரத்தில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. இதை இன்றே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: ஃபாரன்ஹீட்டில் 100.4 என்றால் செல்சியஸில் 38, 102 என்றால் கிட்டத்தட்ட 39, 104 என்றால் 40. பக்கத்திலேயே குழந்தையின் எடை கிலோவில், அவசர எண், உங்கள் வீட்டு முகவரி.

எடை எதற்கு என்றால், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். பெட்டியில் கொண்டுவந்த சிரப்பும் இங்கே வாங்கிய சிரப்பும் ஒன்றல்ல. 5 மில்லியில் ஒன்றில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250 இருக்கும். சில நாடுகளில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிட்டால் இரட்டை அளவு உள்ளே போய்விடும், அது ஈரலைக் கெடுக்கும். அளந்து கொடுக்க மருந்தோடு வரும் சிரிஞ்ச்தான் சரி, சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸ்தான், தண்ணீர் நிறையக் கொடுங்கள்" என்று வெறுங்கையோடு அனுப்பினால் மனசு சங்கடப்படும். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் எழுந்து வருவதற்கு முன், "எது நடந்தால் திரும்ப வரவேண்டும்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

தெர்மாமீட்டரை விடக் குழந்தையைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கியதும் எழுந்து விளையாடுகிற குழந்தையைப் பற்றி அவ்வளவு பயமில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சைக் கவனியுங்கள்: ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு இடையில் சதை உள்ளே இழுத்தால் காத்திருக்க வேண்டாம். எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, கண்ணீர் இல்லாமல் அழுகிறது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது என்றாலும் அப்படித்தான். தோலில் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். நம் தோல் நிறத்தில் இது சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம் பாருங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 வந்தாலே, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீங்களாக மருந்து கொடுக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை என்றாலோ 5 நிமிடம் தாண்டினாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்த முதல் வருடம் சளி மாற்றி மாற்றி வரும். வருடத்துக்கு 6, 8 தடவை என்பது சாதாரணம்தான். கை மாற்றிக்கொள்ளப் பாட்டி பக்கத்தில் இல்லை. குழந்தைக்கு முடியாதபோது யார் லீவு போடுவது என்று வேலையில் சேர்ந்ததுமே இருவரும் பேசி வையுங்கள்.

மொழி தடுமாறினால் தயங்காதீர்கள். பல நாடுகளில் மருத்துவமனையே போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமில்லாமல் பிடித்துக் கொடுக்கும். கேட்டால்தான் தருவார்கள். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.