கொந்தளிக்கும் கடலுக்குச் சின்ன அலுமினியப் படகு: வாங்கும்போது செய்யும் தவறுகள்

வாடைக் காலத்தில் ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் வடகடல் குமுறிக்கொண்டிருக்கும்போது, ரோட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசி, ஆனியில் இது தலைகீழாகும். படகு வாங்க வருகிறவர்களோ ‘எத்தனை அடி, எத்தனை ஹெச்பி’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கடலில், எந்தக் காற்றில் ஓட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அடியையும் ஹெச்பியையும் பேசிப் பயனில்லை.

வடகடலைப் பெண்கடல் என்று சொல்லிச் சொல்லியே அங்கே எந்தப் படகும் போதும் என்ற நினைப்பு வந்துவிட்டது. வடகடலான பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான். வாடை பிடித்தால் அலை உயரமாக எழும்பாது. ஆனால் குட்டையாக, செங்குத்தாக, மூன்று நான்கு விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். தட்டை அடி கொண்ட 14 அடிப் படகு ஓர் அலையிலிருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்த அலையில் முட்டும். தென்கடலில் அலை நீளமானது. சோழகம் என்னும் தென்காற்று அதன் மேல் சின்ன அலையை ஏற்றிவிடும்போதுதான் தொல்லை. பாம்பன் கால்வாய் தனிக் கணக்கு: நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் நேரத்தில் அங்கே அலை சுவராக நிற்கும்.

அணியத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது

கூரான அணியத்தை, அதாவது படகின் முன்மூக்கைப் பார்த்து ‘நல்லா வெட்டிப் போகும்’ என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. பல படகுகளில் அணியம் கூராகத் தொடங்கி, பின்பக்கம் வருவதற்குள் அடி கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். வேகத்தில் ஓடும்போது தண்ணீரில் இருப்பது பின்பாதி. அடி வாங்குவதும் அதுதான். ஆகவே அடிச்சாய்வைப் பின்பலகையில் அளக்க வேண்டும். படகு மட்டமாக நிற்கும்போது ஏராவுக்கு, அதாவது அடியின் நடுக்கோட்டுக்கு, அடியில் மட்டக்கோலை வையுங்கள். நடுவிலிருந்து 50 செ.மீ. தள்ளி, கோலுக்கும் அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவெடுங்கள். 9 செ.மீ. என்றால் சாய்வு 10 டிகிரி, 13 என்றால் 15, 18 என்றால் 20.

டிகிரி கூடக்கூட ஓட்டம் மென்மையாகும் என்பது உண்மை. அதற்காக 20 டிகிரியைத் தேடி ஓடவும் வேண்டாம். அப்படிப்பட்ட படகு நின்ற இடத்தில் உருளும். மூன்று பேர் ஒரே பக்கம் நின்று வலை இழுத்தால் விளிம்பு தண்ணீரைத் தொடப் பார்க்கும். கரையேற்றினால் சாய்ந்து கிடக்கும், தள்ளவும் ஆள் அதிகம் வேண்டும். வலைத் தொழிலுக்கு 12 முதல் 15 டிகிரி போதும். தென்கடலில் வேகமாக ஓடித் தூண்டில் போடுகிறவர்கள் 18 வரை போகலாம். நீளம் 16 முதல் 18 அடி, அகலம் 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பின்பலகையின் உயரம்

வடகடலோ தென்கடலோ, காற்று மாதங்களில் கரை திரும்பும்போது காற்று பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். அப்போது அலை ஏறி வருவது பின்பலகை வழியாக. விலை குறைவு என்று 15 அங்குலப் பின்பலகையை வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 20 அங்குலம் கேளுங்கள். இன்ஜினும் அதற்கேற்ற நீளத் தண்டாக இருக்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ 25 மி.மீ. வரை தாழ்ந்தோ நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் அலை முகட்டில் புரொப்பல்லர் காற்றை இழுத்துச் சும்மா சுழலும்.

தண்ணீர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் குறைவு. 4 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலத் தரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 570 கிலோ. சாய்கிற பக்கமெல்லாம் அதுவும் சேர்ந்து ஓடும். அதனால் தரை நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, தண்ணீர் தானாகப் பின்னால் வடிகிற அமைப்பு வேண்டும். இது நிறைசுமையிலும் வேலை செய்கிறதா என்பதைச் சுமை ஏற்றித்தான் பார்க்க முடியும். மூன்று ஆள் 210 கிலோ, நனைந்த வலை 150, ஐஸ்பெட்டி 90, 40 லிட்டர் பெட்ரோல் 30. மொத்தம் 480 கிலோ, அதாவது தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன் 24. இன்ஜினை மாட்டி, கேன்களை ஏற்றிய பிறகும் வடிகால் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்தால் அந்தப் படகு உங்களுக்கானதல்ல.

மிதவை நுரை விஷயத்திலும் வாய்ச்சொல் போதாது. 300 கிலோ அலுமினியக் கூடு மூழ்கினால், அதை மட்டும் தாங்கவே சுமார் 190 லிட்டர் நுரை வேண்டும். இன்ஜினும் ஆட்களும் சேர்ந்தால் 350 லிட்டருக்குக் குறைத்து யோசிக்க முடியாது. அதுவும் தண்ணீர் குடிக்காத நுரையாக இருக்க வேண்டும்.

தகடும் ஒட்டும்

‘மரைன் கிரேடு’ என்பது எல்லா விற்பனையாளரும் சொல்கிற வார்த்தை. அலுமினியக் கலவையின் எண் என்ன என்று கேளுங்கள். அடித்தகட்டுக்கு 5083 அல்லது 5086. சின்னப் படகில் 5052-ம் ஏற்கலாம். தகட்டோடு வந்த ஆலைச் சான்றிதழைப் பார்க்காமல் எண்ணை நம்ப வேண்டாம். அடி 4 மி.மீ., பக்கம் 3 மி.மீ. இருந்தால் நல்லது. ரிவெட் அடித்த மெல்லிய தகட்டுப் படகு கண்மாய்க்குச் சரி. வடகடல் அலையில் ரிவெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கசிய ஆரம்பிக்கும்.

வெல்டிங்கைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். ஊசித்துளை இருந்தால் சுண்ணாம்பில் கறை தெரியும். பின்னால் பழுது வந்தால், ஃபைபர் வேலைக்குக் கிடைப்பதுபோல அலுமினியத்துக்கு ஊருக்கு ஊர் ஆள் கிடைப்பதில்லை. ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரை வாங்கும் முன்பே தேடி வைக்க வேண்டும். கடற்கரையில் திறந்தவெளியில் ஒட்டவைப்பது வீண். ஒட்டை மூடிக் காக்கும் ஆர்கான் வாயுவைக் காற்று அடித்துப் போய்விடும், ஒட்டு முழுக்கத் துளையாகும். முன்னால் இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும் கெடுதல்தான்.

படகைத் தின்பது

அலையால் போன அலுமினியப் படகுகளைவிட, வேறு உலோகம் பட்டு அரித்துப்போனவை அதிகம் இருக்கும். உப்புத் தண்ணீரில் செம்பு, பித்தளை, ஈயம் எது அலுமினியத்தைத் தொட்டாலும் அலுமினியம்தான் கரையும். தரைக்கடியில் விழுந்த ஒரு ஈயக்குண்டு, நின்ற தண்ணீரோடு சேர்ந்தால் தகட்டில் குழி தோண்டிவிடும். எனவே திறக்க முடியாதபடி தரையை மூடி ரிவெட் அடித்த படகை வாங்காதீர்கள். பித்தளை வடிகால் திருகு, செம்பு கலந்த அடிப் பெயிண்ட், செம்பு மருந்து ஏற்றிய பிளைவுட் பின்பலகை இவை எல்லாமே ஆகாதவை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட வேண்டும். பேட்டரியின் மைனஸுக்குப் படகின் உடம்பையே கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. தனி ஒயர் ஓட வேண்டும். அரிப்பைத் தாங்கப் பொருத்தும் கட்டை துத்தநாகமோ அலுமினியமோ இருக்கலாம். மெக்னீசியம் நல்ல தண்ணீருக்கு உரியது. அந்தக் கட்டைக்குப் பெயிண்ட் அடித்தால் அது இருந்தும் இல்லாத கணக்கு.

பழைய படகில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளமும் வெள்ளைப் பொடியும் தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள். பாறை தட்டிய பள்ளம் அவ்வளவு பயமில்லை. அலுமினியம் உடையாமல் நெளியும். பள்ளத்தின் ஓரம் ஒட்டுக்கோட்டைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலைப் பொழுதில் வைக்காமல், காற்று ஏறிய மதியத்துக்கு வையுங்கள். அலையை நேராகவும், குறுக்காகவும், முதுகிலும் வாங்கி அரை மணி நேரம் ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் தரைமூடியைத் திறந்து, வங்குக்கால்களுக்கு (உள்பக்கத்து விலாச் சட்டங்களுக்கு) இடையே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முன்பணம் பேசுவது அதற்குப் பிறகு.