பழைய படத்தின் லொக்கேஷனைப் பிடிக்க இரண்டு கோடு போதும்

ஃப்ரேமை நிறுத்தி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நேர்க்கோட்டில் தெரியும் இரண்டு பழைய அடையாளங்களைத் தேடுங்கள். உதாரணமாக, திருச்சியில் லூர்து மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னே உச்சிப் பிள்ளையார் கோயில் தெரிகிறது என்றால், கூகுள் எர்த்தில் மலைக்கோட்டையிலிருந்து மாதா கோயில் வழியாக ஒரு கோடு இழுத்து மேற்கே நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ நின்றிருக்கிறது. அதே ஷாட்டில் இன்னொரு ஜோடி கிடைத்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் ஸ்பாட்.

ஜூம் லென்ஸ் மலையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஆனால் எந்த லென்ஸ் போட்டாலும் எது எதற்குப் பின்னால் நிற்கிறது என்பது மாறாது. கடை, வீடுகளை நம்ப வேண்டாம், பாதி இடிந்திருக்கும். கோபுரம், பாறை, மலைமுகடு அப்படியே இருக்கும்.

கோடு போடும் முன் படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப் பை வலது மார்பில், முந்தானை வலது தோளில் என்றால் சந்தேகப்படலாம். எழுத்துப் பலகை இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

கேமரா நகரும்போது ஜோடி விலகிவிடும், அதனால் இரண்டு ஜோடியும் ஒரே ஃப்ரேமில் இருக்க வேண்டும். செட் காட்சிகளுக்கும், நடிகர்களுக்குப் பின்னால் திரையில் வேறு படத்தை ஓட்டி எடுத்த பின்திரைக் காட்சிகளுக்கும் இது உதவாது. ஒரே சண்டையை இரண்டு ஊரில் எடுத்து ஒட்டியிருப்பார்கள், ஷாட் ஷாட்டாகத்தான் சோதிக்க வேண்டும்.