அமீபா தேடி ஊரணிக்குப் போறவங்க ஐஸ் பெட்டியை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க

கேரளாவுல மூளையைத் தாக்குற அமீபா பத்தி செய்தி வர ஆரம்பிச்சதுல இருந்து நம்ம ராம்நாடு பக்கமும் காலேஜ் பசங்க பாட்டிலை எடுத்துக்கிட்டு ஊரணி ஊரணியா இறங்குறாங்க. நல்ல விஷயம்தான். வெயில்ல தண்ணி சுண்டி, இருக்குறதும் கொதிச்சுப் போற ஊரு இது, தேட வேண்டிய இடம்தான். ஆனா நாங்க ஆரம்பத்துல பண்ணுன அதே தப்புகளைத்தான் வரிசையா பண்ணிட்டு வர்றாங்க, அதான் எழுதுறேன். கிளவுஸ் போடு, லேபிள் ஒட்டு எல்லாம் உங்க சாரே சொல்லிருப்பார், அதை விட்டுடுறேன்.

சாம்பிளை ஐஸ்ல வைக்குறது

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. குடிதண்ணியில கோலிஃபார்ம் (சாக்கடை கலந்திருக்கான்னு காட்டுற பாக்டீரியா) பார்க்க சாம்பிள் எடுத்தா ஐஸ்ல வச்சுத்தான் கொண்டு வரணும், இல்லன்னா வர்ற வழியிலேயே பாக்டீரியா பெருகி கணக்கு தப்பிடும். அந்தப் பழக்கத்தை அப்படியே அமீபாவுக்கும் போட்டுடுறாங்க. அதுவும் நம்ம கடற்கரையில ஐஸுக்குப் பஞ்சமா, பாம்பன்லயோ மண்டபத்துலயோ மீன் பெட்டிக்கு உடைக்குற ஐஸ்ல ரெண்டு கூடை வாங்கி தெர்மாகோல் பெட்டியில கொட்டி, பாட்டிலை அதுக்குள்ள புதைச்சு எடுத்துட்டு வந்துடுறாங்க.

அந்த மூளையைத் தாக்குற அமீபா பேரு நெக்லேரியா ஃபௌலெரி, அது சூட்டுல வாழுற உயிரு. 45, 46 டிகிரி வரைக்கும் தாங்கி வளரும், ஆனா குளிர்ல நடமாடுற நிலையில இருக்குற அமீபா தாக்குப் பிடிக்காது, செத்துப் போயிடும். சிஸ்ட் நிலையில, அதாவது ஓடு கட்டிக்கிட்டுத் தூங்குற நிலையில இருக்குறது ஒருவேளை தப்பிக்கும், ஆனா அதை நம்பிக்கிட்டா லேப்ல தட்டுல வளர்க்கப் போறீங்க? சாதாரண சூட்டுல, வெயில் நேரா படாம, ஒரு துணிப்பையில போட்டு அன்னைக்கே லேபுக்குக் கொண்டு வந்தா போதும்.

திருப்புல்லாணிப் பக்கம் ஒரு ஊரணியில சித்திரை வெயில்ல ஒரு பையன் சாம்பிள் எடுத்தான். தண்ணி முழங்கால் அளவுதான், கையை வச்சா வெதுவெதுன்னு சுடும், பிள்ளைங்க அதுலதான் முங்கி விளையாடுதுங்க. இதைவிட நல்ல இடம் அமையாது. பூராத்தையும் ஐஸ்ல கொண்டு வந்தான். அமீபாவுக்குத் தீனியா ஈ.கோலை பாக்டீரியா பூசுன அகார் (ஜெல்லி) தட்டுல ஊத்தி இன்குபேட்டர்ல வச்சோம், நாளாக நாளாக ஒண்ணுமே இல்ல. அவன் "அமீபா இல்லை"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டான், அதைக் கேட்டு ஊர்ல "டெஸ்ட் பண்ணியாச்சு, தண்ணி சுத்தம்"னு பேச்சாயிடுச்சு. திரும்ப எடுக்கலாம்னு போனா ஊரணி காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. இனி ஐப்பசியில மழை விழுந்து, தண்ணி நின்னு, மறுபடி வெயில் வந்தாத்தான் அதே நிலைமை. ஒரு கூடை ஐஸால ஒரு வருஷம் போச்சு, அது போனாக்கூடப் பரவாயில்ல, அந்த "இல்லை"யை நம்பி பிள்ளைங்க தொடர்ந்து குளிச்சுச்சுங்களே, அதுதான் எனக்குத் தாங்கல.

டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்குற பிசிஆர் டெஸ்ட்ல வந்துடும்லன்னு கேக்குறாங்க. செத்த அமீபாவோட டிஎன்ஏவும் பிசிஆர்ல வரும், சரி. உயிரோட இருந்துச்சா, வளருமா, அதை எப்படிச் சொல்லுவீங்க?

தண்ணியை விட மோசம் நோயாளியோட முதுகுத்தண்டுல எடுக்குற திரவத்தை ஃபிரிட்ஜ்ல வைக்குறது. இந்த நோய்ல அந்தத் திரவம் பார்க்க அப்படியே பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) மாதிரிதான் இருக்கும், நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு ஏறியிருக்கும், சுகர் இறங்கியிருக்கும், ஆனா சாயம் போட்டுப் பார்க்குற கிராம் ஸ்டெயின்ல பாக்டீரியா தெரியாது. அப்ப உடனே ஒரு சொட்டை ஸ்லைடுல விட்டு, சூடு ஆறாம, அமீபா நகருதான்னு மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும். குளிர்ல வச்சா அது உருண்டுக்கும், நகராது, பார்க்குறவங்க வெள்ளை அணுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. அறிகுறி ஆரம்பிச்சா பெரும்பாலும் அஞ்சாறு நாள்ல உயிர் போற நோய், 100ல 97 பேர் பிழைக்குறதில்ல. 2024ல கோழிக்கோடு மாவட்டத்துல ஒரு 14 வயசுப் பையன் பிழைச்சதுக்கு முக்கியக் காரணமே சீக்கிரம் கண்டுபிடிச்சு மில்டெஃபோசின் உட்பட மருந்து ஆரம்பிச்சதுதான். காலையில பார்த்துக்கலாம்னு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வைக்குறவங்க இதை யோசிக்கணும்.

மேல் தண்ணியை மட்டும் மோந்துட்டு வர்றது

அமீபா தின்னுறது பாக்டீரியாவை. பாக்டீரியா மண்டிக் கிடக்குறது அடி வண்டல்லயும் படித்துறையில வழுக்குற பாசியிலயும். வண்டலைக் கலக்கி எடுங்க, படியை ஸ்வாப்பால தேய்ச்சு எடுங்க. பிள்ளைங்க குதிக்குறப்ப கலங்கி மூக்குல ஏறுறதும் அதே வண்டல்தானே.

கடல்ல தேடுறது

நெக்லேரியா கடல் உப்புல வாழாது. அகாந்தமீபான்னு இன்னொரு அமீபா வாழும், அது வேற கதை.

குடிச்சா வரும்னு ஊர்ல பயமுறுத்துறது

வராது. மூக்கு வழியாத்தான்.

ஈ.கோலை தட்டுல பாலமுத்தியா தேடுறது

பாலமுத்தியாவும் மூளையைத் தாக்குற இன்னொரு அமீபாதான், ஆனா இந்தத் தட்டுல வளரவே வளராது, அதுக்கு செல் கல்ச்சர் (உயிருள்ள செல் மேல வளர்க்குறது) வேணும்.

45 டிகிரியில வளர்ந்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல போடுறது

தட்டுல அமீபா வளர்ந்து, டிஸ்டில்டு வாட்டர்ல போட்டதும் நெக்லேரியாவோட அடையாளமா வால் முளைச்சு நீந்துனா சந்தோஷம் தலைக்கேறும், புரியுது. ஆனா நெக்லேரியா லோவானியென்சிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் 45 டிகிரியில ஜோரா வளரும், மனுஷனை ஒண்ணும் பண்ணாது. ரெண்டையும் மைக்ரோஸ்கோப்ல பார்த்துப் பிரிக்க முடியாது. பிசிஆர், டிஎன்ஏ சீக்வென்ஸ் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஊர்ப் பேரைப் போட்டு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது, ஏன்னா அந்த ஊரணியை நம்பித்தான் அங்க குளிக்குறதும் துவைக்குறதும் மாடு கழுவுறதும். ஃபௌலெரின்னு உறுதியானாலும் முதல்ல பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லுங்க, வெயில் காலம் முடியுற வரைக்கும் பிள்ளைங்க முங்க வேணாம், குதிக்க வேணாம்னு அவங்க வாயால சொன்னாத்தான் ஊரு கேட்கும்.