முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

வங்கி, கடை, சமூக வலைத்தளம் என எதன் பாஸ்வேர்டை மறந்தாலும், புதியதை அமைக்கும் லிங்க் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அந்த ஒரு கணக்கு பறிபோனால் மற்றவையும் வரிசையாகப் போகும். ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு ஒன்றை அதற்கென்றே வையுங்கள். கூடவே, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும்.

இரண்டடுக்கிலும் தரவேறுபாடு உண்டு. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் உங்கள் எண்ணுக்கு யாராவது மாற்று சிம் வாங்கிவிட்டால் அது அவருக்கே போகும். ஆதென்டிகேட்டர் என்ற செயலி, உங்கள் போனிலேயே பொதுவாக 30 நொடிக்கு ஒரு குறியீடு தரும். அதைப் போலிப் பக்கத்தில் தட்டினால், மறுமுனையில் இருப்பவர் உடனே உண்மையான தளத்தில் இட்டு நுழைந்துவிடுவார். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, விரல்ரேகை, முகம் அல்லது போன் பூட்டைக் கொண்டு நுழையவைக்கும் பாஸ்கீ இப்படி ஏமாறாது. பதிவு செய்த தளத்தின் முகவரியோடு பிணைந்தது என்பதால் வேறு முகவரியில் அது வேலை செய்யாது. அந்த வசதி இருந்தால் அதையே எடுங்கள். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜரும் முகவரி பார்த்துத்தான் நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால் கையால் தட்டாதீர்கள்.

அனுப்புநர் பெயரை நம்பவே வேண்டாம். அதை எவரும் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். கணினியில் லிங்கின் மேல் மவுஸை வைத்தால் முகவரி தெரியும். போனில் விரல் தவறித் திறந்துவிடும், சந்தேகமானதைக் கணினிக்கு விடுங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த சாய்கோடு வரை உள்ளதை வலமிருந்து படியுங்கள். 'டாட் காம்' போன்ற முடிவுக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள சொல்தான் தளத்தின் உண்மைப் பெயர். அதற்கு முன்னால் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் பொருளில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்து ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னம் மோசடித் தளத்திலும் இருக்கலாம்.

முகவரி சரியாக இருந்தும் ஏமாறலாம், தெரிந்தவரின் கணக்கே களவு போயிருந்தால். 'எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று வந்தால், பணம் அனுப்புமுன் உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் நேரம் முக்கியம். கார்டு விவரமோ பணமோ போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். பிறகு, சந்தேகமில்லாத வேறு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வருவதையெல்லாம் தனக்கு நகலனுப்பும் ஃபார்வேர்டிங்கையும், வங்கி எச்சரிக்கைகளைக் குப்பைக்குத் தள்ளும் ஃபில்டரையும் திருடர் அமைத்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அவை அப்படியே இருக்கும். செட்டிங்ஸில் அவற்றையும், மீட்பு எண்ணையும், இணைந்துள்ள செயலிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மோசடி மின்னஞ்சலை அழிக்காதீர்கள், புகாருக்கு அதுவே சான்று.

இன்றே ஒரு வேலை: 'அனுப்பியவை' பகுதியில் அடையாள அட்டை, பாஸ்போர்ட் ஸ்கேன்களைத் தேடுங்கள். அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இனி அனுப்பும் நகலின் குறுக்கே, எதற்காக, எந்தத் தேதியில் தருகிறீர்கள் என்று எழுதிய பிறகே ஸ்கேன் எடுங்கள்.