நிட்டிங் புதிதா? மொத்தத்தையும் பிரித்துப் போடும் முன்

நிட்டிங்கில் ஒரு ஸ்டிச், அதாவது ஊசியில் நிற்கும் ஒரு நூல் வளையம், நழுவியதும் பதறிப்போய் ஊசியை உருவி, இரண்டு மூன்று நாள் பின்னியதை ஒரே இழுப்பில் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பிரிப்பதில் தப்பில்லை, ஆனால் எதனால் தப்பியது என்று பார்க்காமல் பிரித்தால் அதே தவறு அடுத்த தடவையும் வரும், நாலாவது தடவை நூலும் ஊசியும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். துணியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எங்கே தப்பியது என்பதை அதுவே பெரும்பாலும் காட்டிவிடும்.

எண்ணிக்கை கூடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஸ்டிச்சில் ஆரம்பித்த மஃப்ளர் பத்து வரிசையில் 24 ஆகி, ஓரம் விரிந்துகொண்டே போகும். ஓரத்தில் மட்டும் விரிகிறது என்றால் வரிசையின் முதல் ஸ்டிச்தான் காரணம். ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிடுகிறோம், அந்த இழுப்பில் முதல் ஸ்டிச்சின் இரண்டு காலும் (வளையத்தின் இரு பக்க இழைகளும்) ஊசிக்கு மேலே ஏறி இரண்டு ஸ்டிச் மாதிரி நிற்கும், நாமும் இரண்டாக எண்ணிப் பின்னிவிடுவோம். நூலை ஊசிக்குக் கீழாகப் பின்னால் கொண்டுபோனால் இது வராது. நடுவில் சின்ன ஓட்டை தெரிந்தால் காரணம் வேறு. நிட்டிலிருந்து (நம் பக்கம் வி வடிவம் விழும் பின்னல்) பர்லுக்கோ (நம் பக்கம் குறுக்கு மேடு விழும் பின்னல்), பர்லிலிருந்து நிட்டுக்கோ மாறும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னுக்கோ பின்னுக்கோ மாற்ற மறந்து, அது ஊசி மேல் சுற்றிக்கொண்டு ஒரு ஸ்டிச் கூடியிருக்கும். ஓட்டையும் இல்லை, ஓரமும் விரியவில்லை என்றால் நூலின் இழைகளுக்கு நடுவே ஊசி குத்தி, ஒரு ஸ்டிச் இரண்டாகப் பிரிந்திருக்கலாம். இங்கே சிங்கப்பூரில் பரவலாகக் கிடைக்கும் மில்க் காட்டன் நூலில் மெல்லிய இழைகள் நிறைய, அதனால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு வரிசையை மட்டும் திருத்தினால் போதும் என்பது பெரிய நிம்மதி.

நழுவிய ஸ்டிச்சுக்கு வருவோம். முதலில் துணியை இழுக்காதீர்கள். ஒரு ஊக்கை அந்த வளையத்துக்குள் குத்தி வைத்துவிட்டால் அது மேலும் கீழே ஓடாது, அதன்பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வந்துகூட நிதானமாகச் சரிசெய்யலாம். வி வடிவம் தெரியும் பக்கத்தை உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். நழுவிய வளையத்துக்கு மேலே ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும், எத்தனை படியோ அத்தனை வரிசை இறங்கியிருக்கிறது. குரோஷே ஊசியை முன்பக்கமிருந்து வளையத்துக்குள் விட்டு, அடுத்த மேல் படியைக் கொக்கியில் மாட்டி வளையத்துக்குள்ளேயே வெளியே இழுங்கள். ஒரு வரிசை ஏறியாயிற்று. படி தீரும்வரை இதையே செய்து, கடைசி வளையத்தை இடது ஊசியில் மாட்டுங்கள், அதன் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். முதல் தடவை கை நடுங்கும். அதற்காகவே உருப்படாத ஒரு துண்டில் வேண்டுமென்றே ஒரு ஸ்டிச்சை நழுவ விட்டுப் பழகச் சொல்வேன்.

வலது கால் என்று சொன்னேனே, அதைச் சரியாகப் பார்க்கப் பழகினால் முறுக்கிக்கொண்ட ஸ்டிச் தொல்லையும் தீரும். துணி விறைப்பாக வருகிறது, சில வரிசைகளில் வி-யின் அடிப்பகுதி கத்தரி மாதிரி குறுக்கே போகிறது என்றால், பெரும்பாலும் பர்ல் போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருப்பீர்கள். வீடியோவில் ஒருவர் நூலை வலக்கையில் பிடிக்கிறார், அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்து பின்னும் சீன ஆன்ட்டி இடக்கையில் பிடிக்கிறார். இரண்டுமே சரியான முறைதான், ஆனால் இதில் பாதி அதில் பாதி என்று கலந்தால் சுற்றும் திசை குழம்பிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாறி உட்கார்ந்த ஸ்டிச் வந்தால், ஊசி முனைக்கு அருகில் எந்தக் கால் இருக்கிறதோ அதற்குள் குத்துங்கள், முறுக்கு விழாது.

சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் ஊசி வாங்கும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பான் ஊசி, பழைய பிரிட்டிஷ் அளவு, அமெரிக்க அளவு மூன்றுமே இங்கே புழங்குகின்றன. எண் 8 என்று போட்டிருந்தால் அமெரிக்க அளவில் அது 5 மி.மீ., ஜப்பான் அளவில் 4.5, பழைய பிரிட்டிஷ் அளவில் 4. பாட்டியின் பெட்டியில் கிடைத்த 8-ஐ எடுத்து அமெரிக்க பேட்டர்னை (பின்னல் குறிப்பை) வைத்துப் பின்னினால் குல்லா பொம்மைக்குத்தான் சேரும். எண்ணைப் பார்க்காதீர்கள், மி.மீ. பாருங்கள். எம்ஆர்டி ரயிலில் பின்னுகிறவர்கள் நீளமான நேர் ஊசியை விட்டுவிட்டு வட்ட ஊசி வாங்குங்கள், பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்காது. தட்டையான துண்டையும் அதில் திருப்பித் திருப்பிப் பின்னலாம்.

சரியான ஊசி கிடைத்தாலும் மாதிரித் துண்டு போடாமல் ஸ்வெட்டரில் இறங்காதீர்கள். பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 20 ஸ்டிச் என்கிறது, உங்கள் கைக்கு 18 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுதானே என்று தோன்றும். 200 ஸ்டிச் போட்டால் 100 செ.மீ. வர வேண்டியது 111 ஆகிவிடும், ஒரு ஆள் அளவே மாறிவிடுகிறது. துண்டை அளப்பதற்கு முன் துவைத்துக் காய வையுங்கள், துவைத்தபின் நீளும் நூல் நிறைய உண்டு. நம் ஊர் புழுக்கத்தில் விரல் வியர்த்தால் நூல் சரியாக ஓடாமல் கை இறுகும். ஏர்கான் அறையில் ஒரு அளவு, வெளியே ஒரு அளவு என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்தால் மாதிரியையும் உடுப்பையும் ஒரே மாதிரி சூழலில் பின்னுங்கள்.

காஸ்ட் ஆன், அதாவது ஊசியில் முதல் வரிசை வளையங்களை ஏற்றுவது, இறுகிப்போய் அடிப்பகுதி சுருங்குகிறதா? அதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். காஸ்ட் ஆனுக்காக முனையில் விடும் வால் நூல் பாதியில் தீர்ந்து போகிறவர்கள், துணியின் அகலத்தைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேல் ஒரு சாணும் விட்டு ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று போடும் துணி ஓரத்தில் சுருளத்தான் செய்யும், அது உங்கள் கையின் குறை இல்லை, அந்தப் பின்னலின் இயல்பு. இரண்டு ஓரத்திலும் நாலைந்து ஸ்டிச், மேலும் கீழும் ஐந்தாறு வரிசை, இரு பக்கமும் நிட்டாகவே போட்டால் சுருளல் அடங்கும். கோபத்தில் அயர்ன் பாக்ஸை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அக்ரிலிக் நூல் சூட்டில் தொய்ந்து போனால் திரும்பாது.

நூல் வாங்க சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் போனாலும் ஸ்பாட்லைட் கடைக்குப் போனாலும், உருண்டையின் காகிதப் பட்டையில் இருக்கும் சாய லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண்) பார்த்து, தேவையானதை ஒரே லாட்டில் வாங்குங்கள். ஒரே நிறப் பெயர்தான், ஆனால் லாட் மாறினால் முதுகில் ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். டிசம்பரில் ஜப்பானுக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி நூல் சரி, இங்கேயே போடப்போகும் குழந்தைக்குப் பருத்தி, இல்லையென்றால் பருத்தி கலந்த நூல். பருத்தி ஈரத்தில் கனக்கும், அதனால் துவைத்ததை மூங்கில் கழியில் கோத்து வெளியே தொங்கவிட்டால் நீளவாக்கில் இழுத்துக்கொண்டு உடுப்பின் கை முழங்கால் வரை வந்துவிடும். தடித்த துவாலையில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, பாதி காய்ந்ததும் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.